செட்டுக்குள் சாப்பிடாதவர்

சித்தார்த்தன் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது, சமையலறை அலமாரிக் கதவு இறங்கிப்போனபோது. என் வீட்டில் வேலை செய்யும் சுலோச்சனாவின் கணவர். பத்து நிமிடத்தில் கதவை நிமிர்த்திவிட்டார். இட்லி வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் காலத்திலும் இதென்ன, உள்ளே உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

"நீங்க நெனைக்கிற மாரி ஒண்ணுமில்ல மா," என்று சிரித்தார். "வேல செய்ற எடத்துல துன்ன மாட்டேன். தொழில் பழக்கம்."

முப்பத்திரண்டு வருடம் கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் செட் போட்ட தச்சர் அவர். செட்டுக்குள் யாரும் சாப்பிடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு சொட்டுக் குழம்பு தரையில் விழுந்தால் மறுநாள் காமிராவில் தெரியும், மேஸ்திரி காதைத் திருகுவார். சாப்பாடு வந்ததும் எல்லோரும் வெளியே போய் மரத்தடியில் உட்கார வேண்டும்.

"ஜமீன் வூடு, டாக்டர் வூடு, இன்னா வூடு கேட்டாலும் போட்ருவேன் மா. எல்லாத்துலயும் சமைலு ரூம் உண்டு. ஒண்ணுலகூட அடுப்பு எரியாது," என்றார்.

அடுப்பு எரியும் வீடு ஒன்றையும் அவர் கட்டியிருந்தார். மந்தைவெளியில் என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில், அடையாற்றங்கரையில், கன்னியம்மன் தோட்டத்தில். ஒரே அறை. செட்டில் கழித்துப்போட்ட தேக்கில் இழைத்த கதவு. எத்தனை மணிக்கு வேலை முடிந்தாலும் அங்கே வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாராம். எதிரே கன்னியம்மன் கோயில். அதையும் அவரும் டீக்கடை அக்பர் பாஷாவும் சேர்ந்துதான் கட்டினார்கள். சிமென்ட் நாலு மூட்டை அக்பர் பாஷா உபயம்.

ஏழு வருடத்துக்கு முன் அரசாங்கத்தார் ஆற்றங்கரையைக் காலி செய்தார்கள். கன்னியம்மன் தோட்டத்துக்காரர்கள் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில், அடுக்கடுக்கான கட்டடங்களில் குடியேறினார்கள். இவர்களுக்கு ஆறாவது மாடி. சுலோச்சனா இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு கிழமையை. ஒருநாள் அந்த ஆறாவது மாடி வீட்டின் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "யார்றா போட்ட செட்டு இது? ஃபினிஷிங்கே சரியில்ல," என்றாராம். சுலோச்சனா இதைச் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். செட்டுக்குள் எப்படிச் சாப்பிடுவது?

அவள் சோற்றைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். மரத்தடியில் உட்காரவைத்தால் சாப்பிட்டார். சில மாதம் அது நடந்தது. பிறகு அந்த மரத்தையும், அந்தத் தெருவையும், எதிரே வரிசையாக நிற்கும் ஒரே மாதிரிக் கட்டடங்களையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதுவும் செட்டுதான்," என்று எழுந்துவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்பார். கஞ்சி, பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் வாயருகே போகாது. டீ மட்டும் குடிப்பார், டீ எங்கேயும் குடிக்கலாமாம். போன புதன்கிழமையிலிருந்து டீயைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் உடம்பு தாங்காது, மூக்கில் குழாய் போட வேண்டும், போட்டாலும் அவர் பிடுங்கிவிடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

கன்னியம்மன் தோட்டம் இருந்த இடத்தில் ஒரு வருடத்துக்கு முன் பூங்கா திறந்தார்கள். மரப்பலகை நடைபாதை, பறவை பார்க்க ஒரு கோபுரம், துடுப்புப் படகு, சனி ஞாயிறுகளில் பறையும் நாடகமும் நடக்கும் திறந்தவெளி மேடை. வெளியூர்க்காரர்கள் காமிராவோடு வந்து குவிகிறார்கள். டெலிபோன் ஆபீசில் முப்பது வருடம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தக் காற்று பிடித்திருந்தது. அங்கே யார் இருந்தார்கள் என்று தெரியும், தெரிந்தும் பிடித்திருந்தது. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

சனிக்கிழமை சுலோச்சனாவுக்கு நாலு முருங்கைக்காயைக் கொடுத்தனுப்பினேன். கையில் கிடைத்த தாளில் சுற்றினேன். அது அந்தப் பூங்காவின் விளம்பரத் தாள். அதில் கன்னியம்மன் கோயில் படம் இருந்தது. எல்லாவற்றையும் இடித்தவர்கள் அம்மன்மேல் கைவைக்கப் பயந்து விட்டுவிட்டார்கள். படத்துக்குக் கீழே 'ஆற்றங்கரைத் தொன்மைக் கோயில்' என்று போட்டிருந்தது. அக்பர் பாஷாவின் சிமென்ட்டுக்கு வந்த வாழ்வு!

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவள் போன் செய்தாள்.

"அக்கா, அவரக் காணோங்க்கா. காலீல டீ வாங்கப் போனப்ப ஆளு இருந்தாரு. மேல வந்து பாத்தா இல்ல. பஸ் ஸ்டாண்டு, போலீஸ் ஸ்டேசனு எல்லாம் அலஞ்சிட்டேன். அந்தக் காய் சுத்தின பேப்பர மடிச்சி வச்சிக்கினு போனாருன்னு கீழ் வூட்டுப் புள்ள சொல்லுது. நான் இப்ப பார்க்கு கேட்டாண்ட நிக்கறேன். உள்ள வுட மாட்றான்."

காரணம் எளிது. நுழைவுச்சீட்டு போனில்தான் போட வேண்டும். அவளிடம் இருப்பது பட்டன் போன்.

நான் போட்டேன். நாலு மணிக்கு இடமில்லை, ஐந்து மணிக்கு இருந்தது. ஒரு போன் எண்ணுக்கு வாரத்தில் ஒரே முறை, இரண்டு பேர். எண்ணைக் கொடு, வந்த எண்ணைத் திரும்பக் கொடு, நான் எந்திரம் இல்லை என்று சத்தியம் செய், படகு எங்கே இருக்கிறதென்று படத்தில் தொட்டுக் காட்டு. அவசரத்தில் இரண்டு தடவை தப்பானது. போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலில் ஒரு வயர் கூடையோடு நின்றிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. இவள் கணவர் உள்ளே இருப்பார், விடுங்கள், நேரம் வந்தபின் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று காவலாளி லாரன்ஸிடம் கெஞ்சினேன்.

"அப்படி யாரும் வரல மேடம். டிக்கெட் இல்லாம ஒரு ஈகூட உள்ள போவாது. அஞ்சு மணிக்குத்தான் மிஷினு பச்ச காட்டும், நான் இன்னா பண்றது?"

ஐந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து பறைச் சத்தம் வந்தது.

"ஆத்துப் பக்கமா பூந்திருப்பாருக்கா. அந்தச் சேத்து வழி அவருக்குத் தெரியும். நாலு நாளா வயித்துல ஒண்ணுமில்ல. கால் வழுக்கி வுழுந்திருந்தா?" என்றாள். பிறகு, "வுழுந்திருந்தா சத்தம் போடக்கூட தெம்பு இருக்காது," என்றாள்.

அந்த முருங்கைக்காயை ஏன் அந்தத் தாளில் சுற்றினேன் என்று எனக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. லாரன்ஸ் கூடையைக் காட்டி, வெளிச்சாப்பாடு உள்ளே கூடாது என்றார். அடியில் எவர்சில்வர் டப்பா இருந்தது. ஆள் கிடைத்தால் ஒரு வாயாவது ஊட்டிப் பார்க்கலாமென்று, விடிகாலையில் சமைத்ததை நாள் முழுக்கச் சுமந்திருக்கிறாள். சோறும் கருவாட்டுக் குழம்பும். பிளாஸ்டிக் பை இரண்டு சுற்றியும் வாசனை ஊரைக் கூட்டியது. லாரன்ஸ் மூக்கைச் சுருக்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "போங்க, போங்க," என்றார்.

அவள் ஓடினாள். எனக்கு மூட்டுவலி, முடிந்தவரை பின்னால் போனேன். கன்னியம்மன் கோயிலைச் சுற்றி இப்போது புல்தரையும் கம்பி வேலியும் இருக்கின்றன. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணை மூடித் திறந்து, கையை நீட்டி ஏதோ கணக்குப் போட்டாள். "இங்க கொழா. இங்க பாயி டீக்கடை. அங்க எங்க வூடு..." என்று கை போன திசையில் மேடை இருந்தது. மேடையைச் சுற்றி அரைவட்டப் படிகளில் இருநூறு பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

பறையாட்டக்காரர்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். மேடை நடுவில் சித்தார்த்தன் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. சட்டையைக் கழற்றி, பின்னாலிருந்த மூங்கில் தட்டியில் மாட்டியிருந்தார். விலா எலும்பெல்லாம் எண்ணலாம். சம்மணமிட்டு, கூட்டத்தைத் தாண்டி, நேர் எதிரே கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுலோச்சனா," என்று குரல் கொடுத்தார். "இன்னும் ஆவலியா? பசிக்குதுடி!"

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் ஒருவர், "என்ன இயல்பா நடிக்கிறாரு பாருங்க," என்று என்னிடம் சொன்னார். அவரை அறைந்திருப்பேன். ஆனால் போன மாதம் இதே படியில் உட்கார்ந்து, ஆற்றங்கரை வாழ்க்கை என்று இவர்கள் போட்ட நாடகத்துக்கு நானும்தான் கைதட்டினேன்.

சுலோச்சனா மேடையேறினாள். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினாள். அவர் எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். அவர் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "நெத்திலியா?" என்றார். பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். முதல் கவளத்தில் விக்கியது. அவள் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். பிறகு நிற்கவேயில்லை. நாலு நாள் பசியும் ஒரு டப்பாவுக்குள் இறங்கியது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கூட்டம் கப்சிப்பென்று ஆனது. யாரோ படமெடுத்தார்கள். அவர் விரலை நக்கி முடித்துவிட்டு, "நல்லா கீது," என்றபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நிகழ்ச்சியை நடத்தும் அனுப்ரியா என்ற பெண் என்னிடம் ஓடிவந்தாள். நல்ல பெண், கண் கலங்கியிருந்தாள். யார் இவர்கள், எந்தக் குழு என்று கேட்டாள். நான் சொன்னேன்.

"சனிக்கிழமை மறுபடி ஷோ இருக்கு ஆன்ட்டி. அன்னைக்கு நானே உள்ள கூட்டிட்டு வர்றேன், சாப்பாட்டோட," என்றாள்.

"நடுவுல?"

"திங்கள் லீவு. மத்த நாள் மேடை சும்மாதான் இருக்கும், யார் வேணா உக்காரலாம். ஆனா டிக்கெட் போட்டுத்தான் வரணும். அது என் கைல இல்ல."

ஆறு மணிக்கு விசில் ஊதினார்கள். எழுந்திருக்கச் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை.

"வூட்ட வுட்டு எங்கடி போவணும், இந்நேரத்துல?"

"வேலைக்கு. ஸ்டுடியோல கூப்ட்டாங்க," என்றாள் அவள். வேலை என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலுக்கு வந்ததும் நின்று திரும்பினார்.

"கதவப் பூட்டினியா?"

அவள் இடுப்பிலிருந்து பெரும்பாக்கத்துச் சாவியை எடுத்துக் காட்டினாள். லாரன்ஸ் எங்கள் பின்னால் பெரிய கேட்டை இழுத்துச் சாத்தினார்.

இன்று திங்கள். காலையிலிருந்து எனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை உங்கள் போன் எண்ணைத் தாருங்கள் என்று பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு எண்ணுக்கு வாரத்தில் ஒரு முறைதானே. இரண்டு பேர் சரியென்று சொல்லிவிட்டு, போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மாடி வீட்டுப் பத்ரிநாராயணன், "எங்காத்துல என் போன் ஒண்ணுதான் இருக்கு, எடுத்துண்டு போங்கோ," என்று கையிலேயே கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கு ஆயிற்று. புதன், வியாழன், வெள்ளிக்கு ஆளில்லை. கருவாட்டைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்ப, வாசலில் லாரன்ஸ்தான் இருப்பாரா என்றும் தெரியவில்லை.

சற்றுமுன் சுலோச்சனா கூப்பிட்டாள். இன்று ஒரு டீதான் குடித்தாராம். மணிக்கு ஒரு தரம் கதவருகே வந்து நின்று, ஷூட்டிங் முடிந்ததா, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறாராம். என்ன சொல்வதென்று என்னைக் கேட்டாள்.

நாளைக்கு முடிந்துவிடும் என்று சொல்லச் சொன்னேன்.