அறிவுமதியும் காணாமல் போன பெயரும்

12.8.2021 – மாலைநேரக் கம்ப்யூட்டர் டிப்ளமோ, சேர்க்கைக் கட்டணம் ரூ. 6,500
4.12.2023 – சி மொழி செய்முறைத் தேர்வு, ரூ. 150. தோல்வி
20.5.2024 – அதே தேர்வு, ரூ. 150. தோல்வி
2.12.2024 – அதே தேர்வு, ரூ. 150

மூன்றாம் முறை தேர்வெழுத அறிவுமதி பிள்ளைச்சாவடியில் பஸ் ஏறினாள். புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில் பில் போடும் தற்காலிக வேலை அவளுக்கு. டிப்ளமோ முடித்தால் அங்கேயே கம்ப்யூட்டர் பிரிவில் நிரந்தர வேலை. இந்த ஒரு பாடம்தான் பாக்கி. இதுவே கடைசி வாய்ப்பு.

பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியலைப் பாய்ண்டர் கொண்டு பின்னால் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. பாய்ண்டர் என்பது விரல் மாதிரி. எந்த எழுத்தின் மேல் நிற்கிறதோ அங்கிருந்துதான் படிக்கும். அறிவுமதி தன் பெயரையே கொடுத்துப் பார்த்தாள். திரையில் கிறுக்கல் வந்தது. சொல் முடிந்ததைக் காட்டும் பூஜ்யத்தைப் போட மறந்திருந்தாள். போட்டாள். கிறுக்கல் போனது; பெயரும் வரவில்லை. வெறும் திரை.

பக்கத்து மேசை சங்கவி கிசுகிசுத்தாள். “யக்கா, என்னுத பார்த்து அடிச்சிக்க. ஓடுது.”

“வேணாம்டி. ஏன் ஓடுதுன்னு சார் கேட்டா முழிக்கணும்.”

“ஃபெயிலானா மட்டும் முழிக்க மாட்டியா?”

அறிவுமதி பேனாவை எடுத்தாள். வெள்ளைத்தாளில் கட்டங்கள் போட்டு, தன் புரோகிராமை வரி வரியாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் விரலை நகர்த்தினாள். எழுத்து ஒன்று வைத்தாள், விரல் ஒரு கட்டம் நகர்ந்தது. கடைசியில் பூஜ்யம். அடுத்த வரி, ‘அச்சிடு’, அதாவது திரையில் காட்டு. விரலைப் பார்த்தாள். அது பூஜ்யத்தின் மேலேயே நின்றது. அங்கிருந்து படித்தால் என்ன வரும்?

“அடிப்பாவி!” என்று தன்னையே திட்டிக்கொண்டு, முதல் கட்டத்திலிருந்து அச்சிடச் சொன்னாள். பெயர் முழுதாக வந்தது, இனிஷியல் பின்னால்.

“முதல்ல ஏன்மா வரல?” என்றார், சுற்றி வந்தபோது வெறும் திரையைப் பார்த்திருந்த வெளியூர்த் தேர்வு அதிகாரி. அவள் தாளை நீட்டி, விரலை வைத்தே விளக்கினாள். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

வீட்டில் கணவன் கலியமூர்த்தி மீன்வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பெயர் காணாமல் போன கதையை அவள் சொன்னதும், “ரேஷன் கார்டுல பத்திரமா இருக்கே, ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பனே” என்றான்.

“நீ வலையப் பாரு.”

ஜனவரியில் தேர்ச்சிக் கடிதம் வந்தது. நிரந்தர வேலைக்கான நியமனக் கடிதம் வந்தது 17.2.2025 அன்று.