ஒரு மணி நேரக் காடு

அந்தக் காடு பகல் ஒரு மணிக்குத் திறந்து இரண்டு மணிக்கு மூடிவிடும். மற்ற நேரமெல்லாம் பக்கத்துத் தகரப் பட்டறையில் சுத்தியல் பேசும். பட்டறைக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் மலை, பனி, ஓடை, பறவை எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். உலகத்திலேயே மதிய உணவு இடைவேளையில் மட்டும் இயங்கிய வனாந்தரம் அதுவாகத்தான் இருக்கும்.

நகல் எடுக்கும் கடைக்கு மேலே, பன்னிரண்டுக்குப் பத்தடி அறை. சுவர் நெடுகப் பழைய மெத்தைகள். சோள மாவு அடைத்த தலையணை உறைதான் பனி. சிக்குப் பிடித்த பழைய ஒலிநாடாக் குவியல் காய்ந்த புல். மிட்டாய்த் தாளைக் கசக்கினால் குளிர்காயும் தீ. மடக்குக் குடையைப் படபடவென்று விரித்து மூடினால் ஒரு பறவைக் கூட்டமே எழுந்து போகும். மழையில் வெளியே போகும்போது அந்தப் பறவைக் கூட்டத்தை அவர் கையோடு எடுத்துப் போய்விடுவார் என்பது வேறு விஷயம்.

அவரைத் தெருவில் சத்தக்காரர் என்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. திரையில் யாராவது நடந்தாலோ, கதவைச் சாத்தினாலோ, தட்டைக் கீழே போட்டாலோ, அந்தச் சத்தத்தைப் பிறகு ஓர் அறையில் யாராவது உண்டாக்கிச் சேர்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த யாராவது இவர்தான். ஆயிரம் கதவுகளைச் சாத்திய இவருக்கு இப்போது சொந்த வீட்டில் ஒரு கதவைச் சாத்திக்கொள்ள அனுமதி இல்லை.

மனைவி போய்ச்சேர்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. “அவனைத் தனியா விடக்கூடாது” என்று அக்கா தீர்மானம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் முறை வைத்து உட்கார்ந்தார்கள். காலையில் அத்தான், பகலில் சித்தப்பா, மாலையில் யார் வீட்டு மாப்பிள்ளை என்று இன்னும் சரியாகப் பிடிபடாத ஒருவர். முறை முடிந்தாலும் யாரும் எழுந்து போவதில்லை. கண் லேசாகக் கலங்கினால் போதும், மூன்று பக்கத்திலிருந்தும் மூன்று டம்ளர் தண்ணீர் வரும். மூன்றையும் குடித்து முடிப்பதற்குள் அழுகை எதற்கு வந்தது என்பதே மறந்துபோகும்.

இந்த நிலையில்தான் அந்தப் படம் வந்து சேர்ந்தது. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, மனிதர்களே வேண்டாமென்று மலையுச்சிக்குப் போய்த் தனியாகக் குடிசையில் வாழ்கிறாள். இரண்டேகால் மணி நேரப் படத்தில் வசனம் மொத்தமே பதினொரு வரி. மீதியெல்லாம் நடக்கிறாள், விறகு உடைக்கிறாள், மறுபடி நடக்கிறாள். முதல் தடவை பார்த்தபோது சத்தக்காரருக்கு அவள் துக்கத்தைவிட அவள் வசதிதான் கண்ணில் பட்டது. ஓர் ஆளுக்கு ஒரு மலை! அவள் அழுதால் தண்ணீர் கொண்டுவர அங்கே ஒரு சித்தப்பாவும் இல்லை.

ஆகவே அவர் வேலையை ஒப்புக்கொண்டார். “வேலை இருக்கு” என்பது ஒன்றுதான் அக்கா மதிக்கும் காரணம். தினமும் ஒரு மணிக்கு மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டால் அறுபது நிமிடம் அவரும் ஒரு காட்டில் இருந்தார்.

பனி சரியாக வந்தது. தீ பிரமாதம். நடைதான் வரவில்லை.

இயக்குநர் இளைஞர். சன்னமான குரலில் பேசுவார். காதொலிக்கருவியை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “சார், தப்பா நினைக்காதீங்க. ஏதோ அதிகாரி காட்டைச் சோதனை போட வர்ற மாதிரி இருக்கு” என்றார்.

மறுநாள் சத்தக்காரர் காலை இழுத்து இழுத்து நடந்து வைத்தார்.

“இப்போ?”

“இப்போ குடிச்சுட்டு வீட்டுக்கு வர்ற மாதிரி இருக்கு சார்.”

“சோகமா நடக்கணும்னீங்களே.”

“சோகம் வெளிய தெரியக்கூடாது. உங்க பழைய படத்துல எல்லாம் வருமே, ஒரு கால் மட்டும் மனசில்லாம பின்னாடி வர்ற மாதிரி. நான் தேடி வந்ததே அந்த நடைக்காகத்தான். சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா தயாரிப்பாளர் பெரிய ஒலிக்கூடத்துக்குக் கொடுத்துடுவார். அங்க எல்லாமே தயாராப் பதிஞ்சு வச்சிருக்காங்களாம்.”

அந்த நடை அவருடையதே அல்ல என்று சத்தக்காரர் சொல்லவில்லை. அவர் பாதம் கனம். கதாநாயகன், காவலர், வில்லன், யானை ஆகியவற்றுக்கே பொருந்தும். இருபத்திரண்டு வருடமாகப் பெண்கள் நடந்ததெல்லாம் மனைவியின் காலால். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, துணி சரசரக்கக் கூடாதென்று கணவனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து நடப்பார். எத்தனையோ அழகிகள் அந்தக் காலால்தான் மாடிப்படி இறங்கியிருக்கிறார்கள். படத்தின் பெயர்ப்பட்டியலில் அந்தக் காலுக்கு இடமில்லை.

வியாழக்கிழமை பழைய பதிவுகளைக் கிளறினார். மருத்துவமனை வராந்தா, நீதிமன்றப் படி, விமான நிலையம் எல்லாம் இருந்தன. காடு மட்டும் இல்லை. நம் கதாநாயகிகள் காட்டில் நடந்ததே கிடையாது, யாராவது துரத்த ஓடத்தான் செய்திருக்கிறார்கள். ஒட்டுப்போட வழியில்லை. ஆனால் ஒவ்வொரு பதிவின் கடைசியிலும், அவர் வெட்டி எறிவதற்கு முன்னால் இருந்தபடியே, ஒரு குரல் இருந்தது.

“முடிஞ்சுதா?”

வராந்தாவில் நடந்துவிட்டு, “முடிஞ்சுதா?” நீதிமன்றப் படியேறிவிட்டு, “முடிஞ்சுதா? அடுப்புல வச்சுட்டு வந்திருக்கேன்.” இரண்டு மணிவரை கேட்டார். சுத்தியல் ஆரம்பித்த பிறகும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை, நடை நடுவில், கதவு திறந்தது. பனிமலைக்குள் பிளாஸ்க்குடன் அக்கா வந்து நின்றார்.

“இந்த இருட்டுல தனியா என்னடா பண்றே?”

“அக்கா, பதிவு போய்க்கிட்டிருக்கு!”

“போகட்டும், யாரு வேண்டாம்னா? நீ டீயைக் குடி, அது அதுபாட்டுக்குப் போகட்டும்.” அக்கா பனியை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “என்ன, நடந்து பாக்குறியா? உனக்கு எப்படிடா அவ நடை வரும்? நீ நடந்தா கீழ்க்கடைக்காரன் மேல வந்து கேப்பான்.”

“மனசுல துக்கம் இருந்தா நடையில வரும்னு பாத்தேன்க்கா. அவளுக்கு வருமே. பத்துத் தடவை நடந்தா பத்தாவது தடவை அப்படியே நெஞ்சைப் பிழியும். என்ன ஒரு நடிப்பு!”

அக்கா டீ ஊற்றுவதை நிறுத்தினார்.

“நடிப்பா? முட்டிடா அது. மாடிப்படியில விழுந்தாளே, அந்த முட்டி. இங்க வர்றதுக்கு முன்னாடியே தைலம் போட்டுக்குவா. திரும்பி வந்து இன்னொரு தடவை. ‘உங்க தம்பிக்கு இன்னும் சோகம் பத்தலையாம் அண்ணி’ன்னு சொல்லிச் சிரிப்பா. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

இரண்டு அறைக்கு அப்பால் குண்டூசி விழுந்தால் அது எந்தத் தரையில் விழுந்தது என்று சொல்லக்கூடிய காது அது. மனைவிக்கு முட்டி வலி என்பது அந்தக் காதுக்கும் தெரியும். அது வீட்டு விஷயம். அறைக்குள் கேட்டதை அது கலை என்று எடுத்துக்கொண்டது. விமர்சகர்கள் ‘துயரம் தோய்ந்த நடை’ என்று எழுதியபோது அதை மனைவிக்கு வாசித்துக் காட்டியவரும் அவர்தான். “இன்னும் கொஞ்சம் சோகமா, ஒரே ஒரு தடவை” என்று எத்தனை முறை கேட்டிருப்பார்! கேட்கக் கேட்கச் சோகம் கூடியது. கூடாதா பின்னே?

அவர் டீயைக் குடிக்கவில்லை. அக்காவும் அதிசயமாகத் தண்ணீர் கொண்டுவரவில்லை. பிளாஸ்க்கை அங்கேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலையில் அவர் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் எழுந்து நின்றார்.

“வாங்கண்ணே. அண்ணி போன அன்னைக்கு ஒரு நாள் பூரா சுத்தியலைத் தொடலைண்ணே நாங்க.”

சத்தக்காரருக்குத் தொழில்முறையில் ஒரு வருத்தம் எட்டிப்பார்த்தது. அப்படி ஒரு நிசப்தமான நாள் இருபத்திரண்டு வருடத்தில் வந்ததே இல்லை. அதையும் பதிவு செய்யவில்லை.

“இன்னைக்கு மூணு மணிவரைக்கும் அடிக்காம இருக்க முடியுமா?”

“இன்னைக்கு என்னண்ணே விசேஷம்?”

“கொஞ்சம் நடக்கணும்.”

மனைவி மாட்டிக்கொள்ளும் அந்தப் பழைய சட்டையை, அதாவது தன் சட்டையை, போட்டுக்கொண்டார். மரச்சட்டத்துக்குள் கொட்டிய மண்ணிலும் சருகிலும் ஏறி நின்றார். திரையில் அவள் குடிசையிலிருந்து ஓடைக்கு நடக்கிறாள், நாற்பத்தொரு காலடி. அவரும் நின்ற இடத்திலேயே நடந்தார். பாரத்தையெல்லாம் இடது முட்டியில் ஏற்றி நடந்தார். ஒரு தடவை, ஐந்து தடவை. சோகத்தை அவர் தேடவே இல்லை. பதினோராவது தடவையில் முட்டி முணுமுணுத்தது. பதினைந்தில் சத்தம் போட்டது. இருபதாவது தடவையில் இடது கால், மனசில்லாமல், ஒரு நொடி பிந்தி வந்தது.

கடைசி அடிக்குப் பிறகு பழக்கதோஷத்தில் காத்திருந்தார். கேள்வி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒலிவாங்கியிடம், “முடிஞ்சுது” என்றார்.

இயக்குநர் மாலையில் வந்து கேட்டார். கண்ணைத் திறக்க நேரமாயிற்று.

“இதுதான் சார். இதேதான். எப்படி சார்?”

“பயிற்சி.”

“கடைசியில மட்டும் ஏதோ ஆம்பளைக் குரல் கேக்குது. அதை எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டார். வழக்கமாக வெட்டுவதுதானே. பெயர்ப்பட்டியலுக்கு ஒரு பெண் பெயரை எழுதி நீட்டியபோது இயக்குநர், “யார் சார் இது?” என்றார். “நடந்தவங்க” என்றார் சத்தக்காரர். அதற்கு மேல் கேட்கும் பழக்கம் அந்த இளைஞருக்கு இல்லை.

படியிறங்க வெகுநேரம் பிடித்தது. வீட்டில் அத்தானும் சித்தப்பாவும் யாரோ வீட்டு மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் எழுந்தார்கள். அவர் நேராகச் சமையலறை வாசலுக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, அந்தத் தைலம் எங்க இருக்கு?”

அக்கா திரும்பிப் பார்த்தார். அடுப்பைத் தணித்தார்.

“எந்தக் கால்?”

“இடது.”