ஈரம் காயாத படகு

கன்னத்தை மரத்தோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு படகுக்குள் குப்புறப் படுத்திருக்கிறார். பார்ப்பவர்கள் அசந்து தூங்குகிறார் என்றுதான் நினைப்பார்கள். தூக்கமாவது ஒன்றாவது! மரத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார். ரெசின் பசை பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அதனால்தான் கன்னம். ஒரு நிமிடம் கழித்து எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு படகுக்காரரிடம் சொல்வார்: "காயல. நாளைக்கு வாங்க."

அந்த நாளை என்றைக்கு வரும் என்று அவருக்கே தெரியாது. படகுத்துறையில் அவருக்கு 'நாளைக்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார், என்ன செய்ய!

பழைய ஃபைபர் படகுகளின் தளம் உளுத்துப்போவதுதான் அவருக்குப் பிழைப்பு. மேலே பளபளவென்று இருக்கும். கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். அறுத்துத் திறந்தால் பலகை கறுத்து, காப்பிச் சக்கை போலக் கையோடு வரும். அதை வழித்தெடுத்து, அடியில் நெடுக ஓடும் தாங்குகட்டைகளைக் காயவைத்து, அவற்றின்மேல் கண்ணாடி இழைத் துணி விரித்து ரெசின் பூசி, அப்புறம்தான் புதுப் பலகை. காயவைப்பதில்தான் சண்டையே வரும். "சும்மா மேலாக்க பூசிக் குடுத்துடுய்யா, உள்ள யாரு பாக்கப்போறா?" என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள்.

"ஈரத்தை உள்ள வெச்சு மூடினா ஒண்ணு, ரெண்டு வருஷம் ஓடும். அப்புறம் உள்ளுக்குள்ளயே அழுகிடும். தெரிஞ்சே அந்தப் பாவத்தை நான் பண்ண மாட்டேன்" என்பார். தலையால் தண்ணீர் குடித்தாலும் மசிய மாட்டார். முப்பது வருடத்தில் ஒரு படகைக்கூட அவர் ஈரத்தோடு மூடியதில்லை.

பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருப்பதால் அத்தனை சண்டையும் அவர் மனைவி காதில் விழும். சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கல்யாணம் ஆன நாள்லேருந்து நானே அவரை அவசரப்படுத்த முடியல, நீங்க எங்க!" என்று வந்தவரைச் சிரிக்க வைத்து அனுப்புவார். அந்த ஜன்னலில் இப்போது ஆளில்லை. அந்த அம்மா நோயில் படுத்து ஐந்து வாரம் ஆகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இவரை மட்டும் தனியாக மாடிப்படி ஓரம் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு மாசம். ரொம்பத் தள்ளினா ரெண்டு." வீட்டுக்கு வரும் வழியில் டாக்டர் என்ன சொன்னார் என்று அந்த அம்மா கேட்டதற்கு, "மாத்திரையை விடாம சாப்பிடச் சொன்னார்" என்றார் இவர்.

"அப்ப சரி. என்னங்க, நம்ம படகு என்னாச்சு? ஒரே ஒரு தடவை தண்ணில போய்ட்டு வரணும் போல இருக்கு."

சுருக்கென்றது. ஒன்பது வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது அது. ஊரார் படகையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவர், சொந்தப் படகைத் தினம் தாண்டித்தான் பட்டறைக்குள் போய் வந்தார். கேட்டால் அதற்கும் நாளைக்கு என்றார்.

அன்றைக்கே தளத்தை அறுத்தார். பாதி தானாகவே உதிர்ந்தது. தாங்குகட்டைகள் உளுக்கவில்லைதான், ஆனால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட இன்னும் ஒரு மாதம் ஆகும். மாதத்துக்கு எங்கே போவது? இரண்டு மின்விசிறி வைத்தார், சூட்டு விளக்கு வைத்தார். வானமோ பிடித்த பிடியில் கொட்டிக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் போய்ப் படுத்துப் பார்ப்பார், ஜில்லென்று இருக்கும். உள்ளே அந்த அம்மா நேற்று டம்ளரைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டார். "நாலு நாள் வெயில் காட்டினா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்!" என்று வானத்தைப் பார்த்துத் திட்டிவிட்டு, வீட்டுக்குள் கேட்டுவிடக் கூடாதே என்று துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.

இன்று காலை படுத்துப் பார்க்கவில்லை. நேராக ரெசின் வாளியை எடுத்தார். அதை இறுகவைக்கும் ஹார்ட்னரை ஊற்றிக் கலக்கினார். துணியை வெட்டிக் கட்டைமேல் போட்டார். அது கோணலாக விழுந்தது.

சுவரைப் பிடித்துப் பிடித்து அந்த அம்மா பட்டறை வரை வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. ரெசின் நாற்றம் படுக்கை வரை வந்திருக்கிறது. காய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று ஆசையாகத்தான் எழுந்து வந்தார். தாழக் கிடந்த படகின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, துணி மூடாத கட்டையைத் தொட்டார். விரல் நனைந்தது. முப்பது வருடமாக அந்தப் பட்டறைச் சண்டைகளைக் கேட்டவருக்கு வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"டாக்டர் எத்தனை நாள்னு சொன்னார்?"

அவர் நிமிரவில்லை. "கலந்துட்டேம்மா" என்றார். "பதினஞ்சு நிமிஷத்துல இறுகிடும்."

அந்த அம்மா நனைந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, துணியின் அந்தப் பக்க முனையைப் பிடித்து, சுருக்கம் போகத் தன் பக்கம் இழுத்துக்கொடுத்தார்.