மின்வயரைப் பிடுங்கிய மதியம்

கூலாய் நகரில் ஓர் அறநிறுவனம் நடத்தும் டயாலிசிஸ் நிலையத்தில் கணினி வேலைக்கு இருப்பவர் சமந்தா மட்டும்தான். ஒரே சர்வருக்குள் பல கணினிகளை ஓடவைக்கும் பழைய மென்பொருளின் உரிமம் முடியவிருந்தது. புதியதை அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது சொதப்பினால், எந்த நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்பது திரையில் வராது. அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு மென்பொருள்கள் இருந்தன. தெரிந்தவர்கள் எல்லோரும் முதலாவதையே சொன்னார்கள். நிலையம் மூடியிருந்த ஞாயிறு மதியம், இரண்டு பழைய சர்வர்களை இணைத்து, நோயாளிகள் விவரத்தின் நகலை வைத்து அதைச் சோதித்தார். ஒன்று நின்றால் மற்றது தானாக வேலையை ஏற்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த சர்வரின் மின்வயரைப் பிடித்தார்.

"பிடுங்கித்தான் பாக்கணுமா?" என்றார் மேலாளர் அமலதாஸ்.

"கரண்ட் போறப்ப நம்மள கேட்டுட்டா போகும் சார்?" என்று சொல்லி வயரை இழுத்தார்.

திரை கறுப்பாகவே கிடந்தது.

"அலமாக்!" என்று பதறினார் அமலதாஸ். "இது நகல்தானே சமந்தா?"

"நகல்தான் சார்."

இரண்டாவது மென்பொருளை ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பிடுங்கினார்.

"வந்துருச்சு லா!" என்று அமலதாஸ் கத்திய பிறகே கண் திறந்தார். அதையே தேர்ந்தெடுத்தார்.

நிலையம் அதற்கு மாறிய காலையில், முதல் நோயாளியின் விவரம் திரையில் வந்ததும் சமந்தா கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். மென்பொருள் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனாலும் வானம் இடித்தால், கரண்ட் போய்விடுமோ என்று அவர் இன்னும் சர்வர் பக்கம் ஓடிப் பார்க்கிறார்.