மாத்திரை சொன்ன தேதி

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். பல வருஷமாக இதுதான்.

அன்று டீ நேரத்தில் வெள்ளைப் பீஸ் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். எழுந்தபோது மேல் பீஸில் கறை தெரிந்தது. எண்ணெய் என்று நினைத்து ஸ்டிக்கரைக் கையில் எடுத்துவிட்டேன். தொட்டால் ஈரம். என்னுடையதுதான்.

பக்கத்து டேபிளில் ஸ்டெல்லா நிற்பாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். அவள் அந்தப் பீஸை உருவி வேஸ்ட் மூட்டைக்குள் திணித்தாள். தன் துப்பட்டாவை என் இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

“எக்கா, போன வாரமும் இப்படித்தான் இருந்தீய. உங்களுக்கு மட்டும் மாசத்துக்கு எத்தன மாசம்?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோய் எனக்குக் காட்டிய முதல் அடையாளம் அது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல விட்டவர்கள் இருப்பீர்கள்.

என் வீட்டுக்காரர் நெசவுக் குடும்பம். இப்போது நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். முருகன்தான் குலத்துக்கே எல்லாம். ஒவ்வொரு தையிலும் மாலை போட்டு, காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பார். மாலை போட்டுவிட்டால் வீட்டில் தூரமான பொம்பளை (மாதவிலக்கில் இருப்பவள்) இருக்கக் கூடாது. எங்களுடையது லைன் வீடு. ஒரே அறை. அடுப்புக்கு மேல் சாமி அலமாரி. தூரமானால் நான் எங்கே போவேன்? பக்கத்து வீடுகளிலும் மாலை போட்டிருப்பார்கள்.

அதனால் மாத்திரை. மருந்துக்கடையில் போய்த் தள்ளிப்போடுகிற மாத்திரை என்றால் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் சீட்டு கேட்டதில்லை.

முதலில் தைக்கு மட்டும் போட்டேன். பிறகு பங்குனி உத்திரத்துக்கு. பிறகு கல்யாணம், காதுகுத்து, புதுமனை. பிறகு ஷிப்மெண்ட் நெருக்கடி வந்தாலும் போட்டேன். நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. அடிக்கடி பாத்ரூம் பக்கம் போனால் சூப்பர்வைசர் எல்லோருக்கும் கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

மாத்திரையை நிறுத்தினால் கொட்டும். தேங்கினது வருகிறது என்போம். நடுவில் துணியில் பட்டால் மாத்திரை செய்கிற வேலை என்போம். எது வந்தாலும் பதில் தயாராக இருந்தது. அதனால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அரிசி கழுவிய தண்ணீர் போல ஒன்று வர ஆரம்பித்தது. வாடை இருந்தது. கம்பெனிப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. மகள் சங்கீதா அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். சோறு போடும்போது என் நகத்தைப் பிடித்துப் பார்த்து வெளுத்துக் கிடக்கிறது என்றாள். ஷிப்மெண்ட் முடியட்டும் என்றேன்.

ஷிப்மெண்ட் முடிவதற்குள் நான் டேபிள் மேலேயே விழுந்துவிட்டேன்.

திருப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். லேடி டாக்டர் கடைசியாக எப்போது தூரமானீர்கள் என்று கேட்டார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர்தான் பதில் சொன்னார், தைப்பூசம் முடிஞ்ச பொறகுங்க என்று. தைப்பூசத்தோடு என்ன கணக்கு என்று டாக்டர் கேட்டார். அப்போதுதான் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன்.

“அது உங்க தேதி இல்லம்மா. மாத்திரையோட தேதி. உங்க தேதி எது?”

கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. இந்த உடம்பில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். இது எப்போது என்ன செய்யும் என்று ஸ்டெல்லாவுக்குத் தெரிந்த அளவுகூட எனக்குத் தெரியாது.

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்து கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே உள்சுவரில் புற்று என்று சொன்னார்கள். சர்க்கரையும் அதிக உடல் எடையும் இருக்கிறவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம். எனக்கு இரண்டும் இருந்தது.

வீட்டுக்காரர் அங்கிருந்த டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்த மாத்திரையால வந்துதுங்களா?”

“மாத்திரை கொண்டு வரலீங்க. வந்ததக் கண்ணுக்குத் தெரியாம வெச்சிருந்துச்சு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவினாசி தாண்டியதும், “நான் ஒருக்காலும் போடச் சொன்னதில்ல,” என்றார். உண்மைதான். யாரும் சொன்னதில்லை.

ஆபரேஷனில் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். அடிவயிற்று நிணநீர்க் கணுக்களையும் (நெறி கட்டுகிற இடங்கள்) எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் நோய் இருந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் அறுத்ததோடு முடிந்திருக்கும் என்றார்கள். இப்போது கதிர் வைத்தியமும் வேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்று சொல்வார்கள்.

கரண்ட் வைக்கும்போது வலிக்காது. பயப்படாதீர்கள். இடுப்பில் புள்ளி வைத்து அடையாளம் போடுவார்கள். அசையாமல் படுத்திருக்க வேண்டும். மிஷின் சுற்றிவரும், அவ்வளவுதான். கஷ்டம் பின்னால் வரும். வயிற்றால் போகும். சிறுநீர் எரியும். தினமும் கோயம்புத்தூருக்குப் பஸ். வழியில் இறங்க இடம் கிடைக்காது என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனேன். அப்படிச் செய்யாதீர்கள். மயக்கம் வரும். மாற்று உடுப்பு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்றை யாரும் முன்னால் சொல்லவில்லை. சினைப்பையை எடுத்தால் தீட்டு நிற்கிற வயது ஒரே நாளில் வந்துவிடும். திடீரென்று உள்ளிருந்து அனல் அடிக்கும். கழுத்து நனைந்துவிடும். காரணம் இல்லாமல் அழுகை வரும். அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஸ்டெல்லா பன் வாங்கிக்கொண்டு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, “பாத்தீயளா, இப்ப உங்களுக்கு மாசமே இல்லாமப் போச்சு,” என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே முகத்தை மூடிக்கொண்டாள். நான் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.

கரண்ட் வைத்து முடிந்ததும் சங்கீதாவைக் கூப்பிட்டேன். இந்த நோய் சில குடும்பங்களில் தொடரலாம், மகள் தன் உடம்பைக் கவனிக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் சுடிதார் பாக்கெட்டில் அம்பு ஸ்டிக்கர் தாள் ஒன்று கிடந்தது. அதைக் கொடுத்தேன். தூரமானால் கேலண்டரில் அந்தத் தேதியில் ஒட்டு, நின்ற நாளிலும் ஒட்டு என்றேன். வலி எப்படி, எத்தனை தடவை துணி மாற்றினாய், நடுவில் பட்டதா, இதையெல்லாம் நினைவில் வை. முன்னைப் போல இல்லை என்று தோன்றினால் என்னிடம் சொல். நான் இல்லாவிட்டால் டாக்டரிடம் சொல்.

கேலண்டரில் முருகன் படம் இருந்தது. வீட்டுக்காரர் இரண்டாம் மாதம்தான் கவனித்தார்.

“சாமி படத்துல என்ன கண்ணு இது, செவப்பா?”

சங்கீதா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், அது அவளுடைய தேதி என்று. அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய்க் கத்தரிக்கோலை எடுத்தார். கேலண்டரைக் கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். படத்தை மட்டும் நறுக்கிச் சாமி அலமாரியில் வைத்தார். தேதித் தாளைக் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

இந்தத் தையில் அவர் மாலை போட்ட பிறகு சங்கீதா தூரமானாள். காலையில் எழுந்து ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒட்டிவிட்டு, மருந்துக்கடைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர் காதில் விழுந்தது. வேட்டியையும் போர்வையையும் மடித்துப் பையில் வைத்தார்.

“நான் நிட்டிங்லயே படுத்துக்கறேன். புள்ள ஊட்லயே இருக்கட்டும்.”

பழனிக்கு நடக்கிற நாள்வரை அவர் கம்பெனியில்தான் தங்கினார். இத்தனை வருஷத்தில் வீட்டை விட்டு அவர் போகலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை.

போன முறை எடுத்த ஸ்கேனில் என் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. பழைய சளித் தழும்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான் எனக்குக் காலம். அதைத் தாண்டி எதையும் நினைப்பதில்லை.

மறுபடியும் செக்கிங்குக்குப் போகிறேன். ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இனி ஸ்டிக்கர் ஒட்டத் தேதி கிடையாது. ஆனால் தினமும் காலையில் குளிக்கும் முன் வெள்ளை உள்பாவாடையை வெளிச்சத்தில் விரித்து, மடிப்பை நீக்கி, பீஸ் பார்ப்பது போலவே பார்க்கிறேன். இந்த உடம்பில் இனி சிவப்பு வந்தால் அது நோய்தான். வெள்ளையாக இருந்தால் அன்றைய நாள் பாஸ்.

இன்று காலை வெள்ளையாக இருந்தது.