வேறு கிளைகள் இல்லை

எங்கள் பீங்கான் கடையின் பெயர்ப்பலகையும் பீங்கான்தான். சுட்ட ஓடுகள், வெள்ளையில் நீல எழுத்து. மேலே கடைப்பெயர். கீழே வார்த்தைக்கு ஓர் ஓடாக, ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.’ தாத்தாவோடு இருந்த அவர் தம்பி கோபித்துக்கொண்டு எதிரிலேயே கடை போடக் கிளம்பியபோது, தாத்தா வைத்த வரி அது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ‘கூடப் பிறந்தவனே செஞ்ச துரோகம் பாருங்க’ என்று வருகிறவர்களிடமெல்லாம் இந்த வரலாற்றை இலவசமாகச் சொல்வேன். வேண்டாமென்றாலும் விடமாட்டேன்.

போன மாதம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஓர் அம்மா ஊறுகாய் ஜாடி வாங்க வந்தார். பீங்கானைத் தட்டித்தான் வாங்க வேண்டும். கிண்ணென்றால் நல்ல சரக்கு, டொக்கென்றால் விரிசல். ஜாடியைத் தட்டிக் காட்டியதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். “அந்தக் காலத்து சரக்கக் கேளுங்க” என்று எக்கிப் பலகையையும் தட்டினேன். ‘இல்லை’ பெயர்ந்து விழுந்து நாலு துண்டானது. நுணல் வாயால் கெட்டது, நான் விரலால் கெட்டேன். அந்த அம்மா ஜாடி வாங்காமலே போய்விட்டார்.

மறுநாளே ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, “மத்த கடையெல்லாம் எங்கங்க இருக்குது?” என்றார். தாத்தா காத்த மானம் என் கையால் போனதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் விருத்தாசலத்தில் பொம்மை சுட எத்தனையோ பேர். அதே மாதிரி கையால் எழுதிச் சுட எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். எதிர்க்கடை அக்கா, சின்னத் தாத்தாவின் பேத்தி.

ரோட்டைத் தாண்ட மூன்று நாள் ஆனது.

“வா தம்பி” என்றார், தினமும் வருகிறவனை அழைப்பதுபோல. பையிலிருந்த துண்டுகளை எடுத்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்.

“இது எங்க தாத்தா எழுத்து. தெரியுமா உனக்கு?”

“தெரியாதுக்கா.”

“வூட்ட வுட்டுப் போறதுக்கு முன்ன பலகைய முடிச்சுக் குடுத்துட்டுப் போடான்னு உங்க தாத்தா சொன்னாராம். எங்க தாத்தாவே இந்த வரிய எழுதி, அவரே சுட்டு, அவரே மாட்டிட்டு வந்தாரு. எங்கனா ஒரு கோணல் இருக்குதா பாரு.”

ஒரு கோணலும் இல்லை. அவர் எழுத்தைக் காட்டியே அவரைத் துரோகி என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

“வேற எது கேட்டாலும் எழுதித் தரேன் தம்பி. இத மட்டும் என் கையால எழுதச் சொல்லாத.”

துண்டுகளைப் பையில் திரும்ப அள்ளிப் போட்டேன்.

“வேணாம்க்கா” என்றேன். “மீதி மூணு ஓட்டையும் இப்பவே கழட்டிடறேன்.”

“நீ தனியா ஏறி வுழுந்து தொலைக்காத” என்று திட்டிக்கொண்டே, ஏணியைப் பிடிக்க அக்கா ரோட்டைத் தாண்டி எங்கள் கடைக்கு வந்தார்.