உயில் எழுதப் போனவனுக்குப் போட்ட படங்கு

என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது என்று சொன்னால் இப்போதும் எனக்கே கொஞ்சம் சிரிப்பு வரும். மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கிடக்கும் ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் பிறந்தவன் நான். ஓய்வு பெறும்வரை தோட்டத்துத் தொழிற்சாலை லொறியை ஓட்டினேன். டிக்கோயாவுக்குக் கொஞ்சம் மேலே, ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டினேன். காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்த அன்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். காலையில் கழுத்து பிடித்துக்கொண்டது. சொத்துக்காரர்கள் எல்லாம் எப்படித்தான் தூங்குகிறார்களோ.

அந்த வீட்டில் இப்போது நானும் மகளும். மகள் என்று நான் சொல்வேன், காகிதம் சொல்லாது. லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவர்களின் குழந்தை அவள். தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. தகப்பன் வேலை தேடிக் கொழும்புக்குப் போனவன், அப்படியே போனான். ஒரு சாயந்தரம் என் மனைவி ரொட்டி கொடுக்கக் கூப்பிட்டாள். பிள்ளை ரொட்டியைத் தின்றுவிட்டு எங்கள் பாயிலேயே தூங்கிப்போனது. அதற்குப் பிறகு யாரும் எழுப்பி அனுப்பவில்லை. எங்கள் மகன்தான் அவளைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனான். இன்று அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். என்னையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்திருக்கிறாள்.

மனைவி தவறிய பிறகு எனக்கு ஒரே யோசனை. நான் கண்ணை மூடினால், சட்டப்படி வீடு மகனுக்கு. அவன் தங்கமான பிள்ளை. ஆனால் கொழும்பில் புடைவைக் கடையில் வேலை, வாடகை வீடு, குடும்பம். இவளுக்கோ இந்தக் கூரையை விட்டால் வேறு கூரை இல்லை. வீட்டை இவளுக்கு எழுதிவைப்பது என்று முடிவெடுத்தேன். லேசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

“அண்ணே மனசு கொஞ்சம் நொந்தாலும் ஒரு நாளும் இங்க நிக்க மாட்டேன்ப்பா. பொட்டியைத் தூக்கிட்டுப் போயிருவேன்” என்றாள்.

சொன்னதைச் செய்கிற பிறவி அவள். ஆக, எழுதுவது சுலபம்; மகன் முகம் கோணாமல் இருப்பதில்தான் எல்லாம் கிடந்தது. நான் பெரிய வீரன் என்பதால், முதலில் சத்தமில்லாமல் எழுதிவிட்டு, தீபாவளிக்கு மகன் வரும்போது வாயில் பலகாரம் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்வது என்று திட்டம் போட்டேன்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று, உயில் எழுதிக் கொடுக்கும் ஹட்டன் நொத்தாரிசு அம்மா சொல்லியிருந்தார். ரகசியம் காக்கிறவர்களாக யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் தலைவரும் செயலாளரும் நினைவுக்கு வந்தார்கள். எத்தனை வீட்டுக் கதை அவர்கள் வயிற்றுக்குள் கிடக்கிறது! என் மூளைக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இருவரும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்து, ஓய்வு பெற்ற பிறகு நான் வாங்கிய த்ரீவீல் ஆட்டோவில் ஏறினார்கள். அவர்களிடம் இருந்த நல்ல உடுப்பே அதுதான். இழவுக்குப் போகிற உடுப்பு.

“இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன முறை?” என்று நொத்தாரிசு அம்மா கேட்டார்.

“மகள்ங்க.”

“பிறப்புப் பத்திரத்துல அப்படி இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்ப எழுதத்தான் வேணும். முழுப் புத்தித் தெளிவோடதான் எழுதுறீங்க?”

சங்கத் தலைவர் இடையில் புகுந்தார். “அதுக்கு மட்டும் நாங்க சாட்சி சொல்ல ஏலாதுங்க அம்மா.”

எழுதி, கையெழுத்து வைத்து முடிந்தது. உள்ளே போகும்போது அணைத்த போனைத் திரும்பப் போட மறந்தேன். வரும் வழியில், பிரஷர் மாத்திரை எடுக்க டிக்கோயா ஆஸ்பத்திரியில் இறங்கினேன். வரிசை நீளம்; மூன்று மணி நேரம் பிடித்தது. வெளியே தலைவர் சும்மா இருக்க மாட்டாமல் என் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். செயலாளர் பின்னால். இரண்டு பேரும் வெள்ளையில். எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் அந்த வழியாக வந்திருக்கிறார்.

“டிரைவரண்ணே எங்க?”

“உள்ள.”

“உள்ளயா? என்னாச்சு?”

“அவரு விசயமா ஒரு அலுவல். இப்ப வெளிய சொல்ல ஏலாது.”

ரகசியம் காக்கச் சொன்னேன், மனிதர் காத்தார். வந்தவர் ஒரு படம் எடுத்து தோட்டத்து வாட்ஸ்அப்பில் போட்டார். என் த்ரீவீல், என் ஆசனத்தில் சங்கத் தலைவர், பின்னால் ஆஸ்பத்திரிக் கேட். நான் மட்டும் படத்தில் இல்லை. என் நம்பருக்கு எடுத்துப் பார்த்தவர்களுக்கு போனும் வேலை செய்யவில்லை.

எங்கள் தோட்டத்தில் இழவு வீட்டுக்காரர் வாய் திறந்து எதையும் கேட்கக் கூடாது. செய்தி கிடைத்த உடனே பந்தல் போடப் படங்கு வரும், உட்காரக் கதிரை வரும், அடுப்புக்கு விறகு வரும். நானே எத்தனையோ தடவை அந்தக் கதிரைகளை லொறியில் ஏற்றிப் போய் இறக்கியிருக்கிறேன்.

நாங்கள் வீட்டு வளைவில் திரும்பியபோது, பூட்டிக் கிடந்த என் வீட்டின் முன்னால் நீலப் படங்கு கட்டி முடிந்திருந்தது. வாலிபர்கள் ரோட்டோரமாக வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“யாருக்குடா?” என்றார் தலைவர்.

ஒருவன் என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்; பிறகு மரியாதையாக மடக்கிக்கொண்டான். “டிரைவரண்ணேக்குத்தாங்க.”

யாரும் நேரே சொல்லத் துணியாததால் அப்போதுதான் செய்தி கேட்டு, பிள்ளைக்காம்பராவிலிருந்து மகள் ஓடி வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். பிறகு வந்து தோளில் இரண்டு அடி போட்டாள்.

“போனு எதுக்குப்பா வச்சிருக்கீங்க, பாக்குறதுக்கா? எங்க போனீங்க?”

நான் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போதே செயலாளர் உடைந்துபோனார். “உயில் எழுதப் போனோம் புள்ள. வீட்டை ஒனக்குத்தான் எழுதியிருக்காரு.” அத்தனை நேரம் காத்த ரகசியம் ஒரு மூச்சில் போயிற்று. மகள் வீட்டைத் திறந்து உள்ளே போனாள்.

செய்தி கொழும்புக்கும் போயிருக்கும் என்று பதறி, போனைப் போட்டு மகனைக் கூப்பிட்டேன். “பஸ்ஸு கினிகத்தேனைக்கு வந்துருச்சுப்பா. இவ்வளவு தூரம் அழுதுட்டே வந்தேன். மொகத்தைப் பாத்துட்டே போறேன்” என்றான்.

பொழுது சாயும் நேரம் வந்து சேர்ந்தான். கையில் ஒரு மாலை. என்னைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான், உள்ளே போய் அம்மா படத்துக்குப் போட்டுவிட்டு வந்தான்.

“தங்கச்சி ஏன் இன்னும் அழுறா? அதான் உசுரோட இருக்கீங்களே.”

படங்குக்குக் கீழே ஊரே உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தது. பலகாரம் இல்லை, தீபாவளியும் இல்லை. உயிலின் பிரதியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பல்பு வெளிச்சத்தில் நின்று படித்தான். மழை பிடித்துக்கொண்டது. உள்ளே, அலுமாரி மேலிருந்து பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. என் மகனை எனக்குத் தெரியும், எனக்கு ஒரு பயமும் இல்லை. தேத்தண்ணிக்கு மூன்றாவது தடவை சீனி போட்டேன், அவ்வளவுதான்.

“இதுல ஒரு கொறை இருக்குப்பா” என்றான்.

“என்னடா?”

“பொங்கல், தீபாவளின்னு நாங்க வந்தா படுக்குறதுக்கு எடம் எழுதலியே.” பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். “ஏய், எடம் தருவியா? இல்ல நானும் ஒரு பொட்டியைத் தூக்கவா?”

கொஞ்ச நேரம் கழித்து, பெட்டி திரும்ப அலுமாரி மேல் ஏறும் சத்தம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அம்மா ரூம்பு சாவி எப்பவும் வைக்கிற எடத்துலதாண்ணே இருக்கு. ஆனா காலைல பாயை நீங்கதான் சுருட்டணும். ஒரு நாளும் சுருட்டினதில்ல.”

படங்குக்கு அடியில் எழுந்த சிரிப்பில் எதிர் மலை லயத்து நாய்கள் குரைத்தன.

மழை விட்டதும் கதிரைகளை நானே அடுக்கிக் கொடுத்தேன். எனக்கு வந்த கதிரைகள் அல்லவா. கடைசி அடுக்கைத் தூக்கும்போது தலைவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “ஏண்ணே, அடுத்த தடவை நிசமாவே நடந்தா, நாங்க எப்படி நம்புறது?”

“கவலைப்படாதீங்க தலைவரே. நானே போன் பண்ணிச் சொல்றேன்” என்றேன்.